நெஞ்சில் ஓர் ஆலயமும் 30 மில்லியும்

ஸ்ரீதர் இயக்கிய 'நெஞ்சில் ஓர் ஆலயம்' 1962-ல் வந்தது. தமிழில் கேன்சர் படம் என்றால் இன்றைக்கும் பலர் முதலில் சொல்வது இதைத்தான். பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம்: வேணுவுக்கு (முத்துராமன்) நுரையீரலில் புற்றுநோய். மனைவி சீதா (தேவிகா) அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறாள். ஆபரேஷன் செய்ய வேண்டிய டாக்டர் முரளி (கல்யாண்குமார்) அவளுடைய பழைய காதலர். வேணுவுக்கு இது தெரியவருகிறது. நான் பிழைக்காவிட்டால் அவரையே கல்யாணம் செய்துகொள் என்று மனைவியிடம் கேட்கிறார். அவள் உடைந்துபோகிறாள். டாக்டர் ராப்பகலாக உழைத்து வேணுவைக் காப்பாற்றிவிட்டு, தான் செத்துப்போகிறார்.

இந்தப் படத்தை நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். கடைசியாகப் பார்த்தது, என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த மூன்றாவது வாரம். முன்பெல்லாம் வின்சென்ட்டின் கேமரா, விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் இசை, ஒரே ஆஸ்பத்திரி செட்டுக்குள் மொத்தப் படத்தையும் எடுத்த சாமர்த்தியம் என்று பார்த்தவன், இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியோடு பார்த்தேன். கட்டில் பக்கத்தில் இருக்கும் ஆள், அதாவது நோயாளியின் துணை, இந்தப் படத்தில் என்ன வேலை செய்கிறார்?

பதில்: கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. சீதா அழுகிறாள், பிரார்த்திக்கிறாள், டாக்டரைப் பார்த்து அதிர்கிறாள், கணவனிடம் கோபப்படுகிறாள். எல்லாம் மனசுக்குள் நடக்கும் வேலை. கையால் செய்கிற வேலை படத்தில் மிகக் குறைவு. அதைவிட முக்கியம், படத்துக்கு ஆபரேஷன்தான் உச்சக்காட்சி. ஆபரேஷன் ஜெயித்ததும் நோய் முடிந்தது, கதையும் முடிந்தது.

வீட்டில் நான் கண்டது நேர் எதிர். ஆபரேஷன் என்பது முதல் ரீலின் கடைசி. அதற்குப் பிறகுதான் மிச்சப் படம்.

ஆபரேஷனுக்குப் பிறகு நடப்பது

மார்பகத்தையும் அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளையும் எடுத்த பிறகு, உள்ளே நீர் தேங்காமல் இருக்க ஒரு டியூப் வைத்து அனுப்புவார்கள். அதன் முனையில் அமுக்கி வைத்த ஒரு டப்பா இருக்கும். அது தானாக விரியும்போது உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சும். தினமும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து, அளந்து, நிறத்தைப் பார்த்து, நோட்டில் எழுதி, மறுபடி அமுக்கி மூட வேண்டும். 24 மணி நேரத்தில் சுமார் 30 மில்லிக்குக் கீழே வந்தால்தான் பொதுவாக டியூபை எடுப்பார்கள். சிலருக்கு ஒரு வாரம், சிலருக்கு இரண்டு மூன்று வாரம். கணவன் செய்யக்கூடிய முதல் வேலை இதுதான்.

அடுத்தது கை. அக்குள் முடிச்சுகளை எடுத்த பக்கம் தோள் இறுகிப்போகும். சுவரைப் பார்த்து நின்று, விரல்களாலேயே சுவரில் ஏறுகிற பயிற்சி சொல்லித்தருவார்கள். நேற்று எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இன்றைக்கு அதைத் தாண்டணும். தலை பின்ன முடிகிறதா, ஜாக்கெட் ஊக்கு போட முடிகிறதா, மேல் அலமாரியில் இருந்து சம்படம் எடுக்க முடிகிறதா, இதெல்லாம்தான் அளவுகோல்.

பிறகு பயாப்ஸி ரிப்போர்ட். கட்டியின் அளவு, எத்தனை முடிச்சில் நோய், ஹார்மோன் ஏற்பி உண்டா இல்லையா, ஹெர்-2 உண்டா இல்லையா. கீமோ வேண்டுமா, கதிர்வீச்சு வேண்டுமா என்பதை முடிவு செய்வது இந்தக் காகிதம். ஹார்மோன் ஏற்பி இருந்தால் டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரை குறைந்தது ஐந்து வருஷம். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியானாலும் ஆஸ்பத்திரி போகணும். இதைத் தெரிந்து வைத்திருப்பதும், தெர்மாமீட்டர் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதும் ஒருவருடைய பொறுப்பு.

படத்துக்கு நியாயம் செய்யணும் என்றால் காலத்தையும் பார்க்கணும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த வேதனையில் ஆரம்பித்த முயற்சிதான் அடையாறு புற்றுநோய் நிறுவனம். 12 படுக்கைகளோடு அது திறந்தது 1954-ல். டாக்டர் சாந்தா அங்கே வேலைக்குச் சேர்ந்தது 1955-ல். படம் வந்தபோது நிறுவனத்துக்கு வயது எட்டு. அன்றைக்கு உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான சிகிச்சை, ஹால்ஸ்டட் என்ற அமெரிக்க சர்ஜன் 19-ம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்த முறை: மார்பகத்தோடு கீழே இருக்கும் தசையையும் சேர்த்து எடுத்துவிடுவது. அவ்வளவு எடுக்கத் தேவையில்லை, ஆரம்ப நிலையில் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும் உயிர்வாழும் வாய்ப்பு அதேதான் என்று பெர்னார்ட் ஃபிஷரின் குழு 1976-ல் தொடங்கிய ஆய்வு காட்டியது. அதன் 20 வருஷ முடிவு 2002-ல்தான் வந்தது. ஆக 1962-ல் கேன்சர் என்றால் பிழைப்பதா சாவதா என்ற இரண்டே கேள்விதான். பிழைத்த பிறகு எப்படி வாழ்வது என்ற கேள்வி அன்றைக்கு எழுந்திருக்காது. ஸ்ரீதரை நான் குற்றம் சொல்லவில்லை. அவருக்கு அப்புறம் வந்தவர்களும் அங்கேயே நின்றுவிட்டதுதான் என் புகார்.

மறைக்கும் நாயகர்கள்

1982-ல் இரண்டு பெரிய வெற்றிகள்: 'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை'. இரண்டிலும் கதாநாயகனுக்குக் கேன்சர். இரண்டிலும் அவன் அதைக் காதலியிடம் மறைக்கிறான். அவள் தன்னை வெறுத்து விலகட்டும் என்று நடிக்கிறான். 'வாழ்வே மாயம்' கமல் அதற்காகக் கெட்டவனாகவே வேஷம் போடுகிறார். நோயை மறைப்பது தியாகம், சொல்லாமல் சாவது காதல். இது எங்கள் தலைமுறைக்குள் நன்றாக இறங்கிய பாடம். விருதுநகர் பக்கத்துத் தியேட்டர்களில் இந்தப் படங்களைப் பார்த்து அழுத பெண்கள் பலரும் பிறகு தங்கள் மாரில் தட்டுப்பட்ட கட்டியை மறைத்தவர்கள்.

அவர்கள் மறைத்ததில் சினிமாத் தியாகம் எதுவும் இல்லை. காரணங்கள் ரொம்பச் சாதாரணமானவை. பொண்ணு கல்யாணம் முடியட்டும். தீபாவளி ஆர்டர் முடியட்டும். ஆம்பிளை டாக்டர் என்றால் எப்படிக் காட்டுவது. வலி இல்லையே, அப்புறம் என்ன. இந்தக் கடைசிக் காரணம்தான் பொல்லாதது, ஏனென்றால் ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. 'குடும்பத்தில் வியாதி இருக்கு' என்ற பேச்சு வந்துவிடும் என்ற பயமும் அளவுக்கு மீறியது. பரம்பரை மரபணு மாற்றத்தால் வருவது மொத்த மார்பகப் புற்றுநோயில் 5 முதல் 10 சதவீதம்தான்.

இன்னொன்றையும் கவனித்தேன். தமிழ்ப் படங்களில் கேன்சர் வரும் உறுப்புகள் மரியாதைப்பட்டவை. 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தில் நுரையீரல், 'வாரணம் ஆயிர'த்தில் அப்பாவுக்குத் தொண்டை, 'உத்தம வில்லன்' நாயகனுக்கு மூளை. நோயாளி பெரும்பாலும் ஆண். இந்தியாவில் பெண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் மார்பகத்தில்தான். 2022-க்கான உலக மதிப்பீட்டின்படி ஒரு வருஷத்தில் சுமார் 1.92 லட்சம் புதிய நோயாளிகள். ஆனாலும் அதை மையமாக வைத்து, அதுவும் சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கையை வைத்து, நான் பார்த்த பெரிய தமிழ்ப் படம் ஒன்றுகூட இல்லை. பாட்டுக் காட்சியில் கேமரா கூச்சமில்லாமல் போகும் இடம் அது. அதையே ஆஸ்பத்திரிக் காட்சியில் பெயர் சொல்லக்கூட நம் சினிமாவுக்கு வாய் வரவில்லை. திரையில் அந்த உறுப்பு ரசிகனுக்குச் சொந்தம், நோய் வந்தால் மட்டும் அது அந்தப் பெண்ணின் சொந்த விஷயம். நடிகை கௌதமி தன் 35-வது வயதில் கட்டியைத் தானே கண்டுபிடித்ததையும் சிகிச்சை எடுத்ததையும் பொதுவில் திரும்பத் திரும்பப் பேசிவருகிறார். சினிமாவின் மௌனத்தை ஒரு நடிகையே உடைத்தார், ஆனால் அதைப் படத்துக்கு வெளியேதான் செய்ய முடிந்தது.

இன்டர்நெட்டின் கதை

சினிமா ஒரு கதை சொல்கிறது என்றால், இன்டர்நெட் இன்னொன்று சொல்கிறது. மனைவிக்கு நோய் வந்தால் கணவன் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்பது அந்தக் கதை. இதற்கு அடிக்கடி காட்டப்படும் ஆதாரம் 2009-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு. மூளைக்கட்டி, மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ், மற்ற புற்றுநோய்கள் என 515 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி பெண்ணாக இருந்தால் பிரிந்தவர்கள் 20.8 சதவீதம், ஆணாக இருந்தால் 2.9 சதவீதம்.

2015-ல் இதே கருத்தோடு இன்னொரு ஆய்வு வந்து செய்திகளில் பரவியது. சில மாதங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். காரணம் நம்ம துறைக்காரர்களுக்கு நன்றாகப் புரியும். தரவை அலசிய நிரலில் பிழை. ஆய்விலிருந்து பாதியில் விலகியவர்களையெல்லாம் விவாகரத்து ஆனவர்கள் என்று அது எண்ணிவிட்டது. பிழையைத் திருத்தியதும், இதய நோய் தவிர மற்ற நோய்களில் அந்த முடிவு நிற்கவில்லை. பிழையை ஒப்புக்கொண்டு அந்த ஆசிரியர்களே திருத்தியது பாராட்ட வேண்டிய விஷயம். ஆனால் முதல் செய்தி போன தூரம் திருத்தம் போகவில்லை. டென்மார்க் மக்கள்பதிவேட்டை வைத்து 2007-ல் வந்த ஆய்விலும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் தவிர்த்து, மார்பகப் புற்றுநோய் உட்பட, விவாகரத்து கூடியதாகத் தெரியவில்லை.

எண்கள் எப்படி இருந்தாலும், எனக்கு உறுத்துவது கேள்வி. சினிமாவும் இன்டர்நெட்டும் கேட்பது ஒரே கேள்விதான்: துணை இருப்பாரா, போவாரா? நெஞ்சில் ஆலயம் கட்டுபவரா, கைவிடுபவரா? நம்ம ஊரில் விவாகரத்து எண்ணிக்கையை வைத்து எதையும் அளக்க முடியாது. இங்கே பெரும்பாலான ஆண்கள் போகமாட்டார்கள். வீட்டிலேயே இருப்பார்கள், பேப்பர் படிப்பார்கள், டப்பாவை மாமியாரோ மகளோ அளப்பார்கள். போகாமலே கைவிடுவது என்று ஒன்று உண்டு. அதற்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் கிடையாது.

பட்டாசு ஊரில் ஒரு கை

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் இந்தக் கேள்விக்கு இன்னொரு முகம் உண்டு. இங்கே பெண்ணின் கை என்பது கூலி. குழாய் உருட்டுவது, லேபிள் ஒட்டுவது, பேக்கிங் எல்லாமே எண்ணிக்கைக் கணக்கு. அக்குள் முடிச்சை எடுத்த கை வீங்கும் வாய்ப்பு வாழ்நாள் முழுக்க உண்டு. அந்தக் கையில் சின்ன வெட்டோ தீக்காயமோ பட்டால் தொற்று வேகமாகப் பரவலாம். தீப்பொறியும் மருந்துத்தூளும் நடுவே வேலை செய்யும் ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் ஊரில் உடனே சொல்லும் புத்திமதி, "இனி நீ ஒரு வேலையும் செய்யக்கூடாது." கேட்க அன்பாக இருக்கும். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. கை வீக்கம் உள்ள பெண்களுக்கே படிப்படியாக எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009-ல் வந்தது. கண்காணிப்போடு மெதுவாகக் கூட்டினால் வீக்கம் மோசமாகவில்லை. ஆக, கையைக் கட்டிப்போடுவது பாதுகாப்பு ஆகாது. பிஸியோதெரபிஸ்டிடம் கேட்டு, காயம் படாமல் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வேலைக்குப் பழக்குவதுதான் சரி. இ.எஸ்.ஐ. பதிவு உள்ள பட்டறையில் தகுதியான தொழிலாளிக்கு, சாதாரண நோய்க்கால உதவி 91 நாள் முடிந்த பிறகும், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்குக் கூலியில் 80 சதவீதம் வரை, இரண்டு வருஷம் வரை நீட்டிப்பு உண்டு. இதற்குப் பங்களிப்பு நாட்கள் போன்ற நிபந்தனைகள் இருக்கின்றன, விசாரிக்கணும். விசாரிப்பதும், சான்றிதழோடு வரிசையில் நிற்பதும் கணவன் செய்யக்கூடிய வேலைதான்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருந்தார். லோடு ஏற்றுகிறவர், சிவகாசிக்காரர். அவர் மனைவிக்கும் அதே ஆபரேஷன். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, உங்க வீட்ல ஊசி எந்தக் கைல போட்டாக? எங்க வீட்டுக்காரிக்கு எடது பக்கம் ஆபரேசன், நர்சம்மா மறந்து எடது கையப் பிடிச்சாக. நான் பேனால கையில எழுதிட்டேன், 'இதுல வேண்டாம்'னு." சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தார். டப்பா கணக்கு, மாத்திரை கணக்கு, பஸ் செலவு எல்லாம் அதில். லோடு கணக்கு எழுதுகிற அதே கையெழுத்து. அவரை வைத்து யாரும் படம் எடுக்கமாட்டார்கள். நான் பார்த்ததிலேயே நல்ல துணை அவர்தான்.

வேணு கேட்டதும் சீதா சொன்னதும்

இவ்வளவு குறை சொன்ன பிறகும் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எனக்கு முக்கியமான படம்தான். காரணம் ஒரே ஒரு இடம். 'அவரைக் கல்யாணம் செய்துகொள்' என்று வேணு சொன்னதும் சீதா பாடும் பாட்டு. பொதுவாக அதை ஒரு பதிவிரதையின் புலம்பல் என்று எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அது கோபம். நீ பெருந்தன்மையாகக் கொடுக்கிற பொருள் நான் இல்லை, உன் சாவை நினைத்து என் எதிர்காலத்தை நீ முடிவு பண்ணாதே என்கிறாள். நோயாளியைப் பார்த்துத் துணை கோபப்படலாம் என்று 1962-லேயே ஒரு தமிழ்ப் படம் ஒப்புக்கொண்டிருக்கிறது. 1982-ன் நாயகிகளுக்கு அந்த உரிமைகூடக் கிடைக்கவில்லை. அவர்களிடம் உண்மையைச் சொல்லவே இல்லையே.

வேணுவின் அந்த வசனத்தை நிஜத்தில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மனைவிகள். என் மனைவியும் சொன்னாள். கட்டு பிரித்த அன்று ராத்திரி, சிரித்துக்கொண்டே: "ஏங்க, நீங்க வேணா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கோங்க. இனிமே என்னத்த இருக்கு." சிரிப்பு உதட்டோடு நின்றது. சினிமாவாக இருந்தால் இந்த இடத்தில் நான் ஒரு பாட்டுப் பாடியிருக்கணும், அல்லது நெற்றியில் கை வைத்து ஒரு வசனம் சொல்லியிருக்கணும். எனக்கு வசனம் வரவில்லை. கீழே உட்கார்ந்து டப்பாவைத் திறந்து அளந்தேன். "இன்னிக்கு 45. நேத்து 60" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப நாளன்னைக்கு எடுத்துருவாங்களா?" என்று கேட்டாள். அதன்பிறகு அந்தத் தழும்பை ஒருதடவை நேராகப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். அவளும் அப்போதுதான் முதல்முறை குனிந்து பார்த்தாள்.

அந்த 45 என்ற எண்ணை நான் பெரிய தத்துவமாக்கவில்லை. அது டிஸ்சார்ஜ் ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பிய ஒரு வேலை. ஆனால் 'நான் உன்னை விட்டுப் போகமாட்டேன்' என்ற வாக்குறுதி செய்யாததை அது செய்தது. வாக்குறுதி என்னைப் பற்றியது. அளவு அவள் உடம்பைப் பற்றியது, அது தேறிக்கொண்டிருப்பதைப் பற்றியது. நம் சினிமா அறுபது வருஷமாகத் துணைவரின் மனதையே காட்டிக்கொண்டிருக்கிறது, அது எவ்வளவு தூய்மை, எவ்வளவு தியாகம் என்று. நோயாளியின் உடம்பு அதற்கு ஒரு சாக்கு.

எனக்கு வேண்டிய படம் இப்படி இருக்கும். முதல் கால்மணி நேரத்திலேயே ஆபரேஷன் முடிந்துவிடும். மிச்ச இரண்டு மணி நேரமும் சுவரில் ஏறும் பென்சில் கோடுகள், கீமோவில் உதிர்ந்த முடியைப் பெருக்குவது, 'முட்டை சாப்பிடாதே, கோழி சாப்பிடாதே' என்று பத்தியம் சொல்லும் சொந்தக்காரர்களிடம் 'புரதம் வேணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க அத்தை' என்று பொறுமையாகச் சொல்வது, மதுரைக்குப் போகிற காலை பஸ், ஐந்து வருஷ மாத்திரை. வில்லன் யாரும் வேண்டாம். யாரும் சாகவும் வேண்டாம். கதாநாயகன் லோடு ஏற்றுகிறவராக இருக்கலாம், சட்டைப்பையில் ஒரு நோட்டோடு.